‘மாண்டரின்’ என்ற ஆங்கிலச் சொல்: சீன மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

பாடக்குறிப்பு:
சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சீன நாட்டுப் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்கு ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்கிறேன். ஒரே சொல்தான்: ‘மாண்டரின்’. சீனப் பொதுமொழிக்கும், பழைய சீன அதிகாரிக்கும், ஒரு பழத்துக்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயர். மூன்று இடங்களில் தெளிவு வேண்டும்.

ஒன்று, பிறப்பு. மாணவர்களில் பாதிப் பேர் இது சீனச் சொல்லே என்கிறார்கள். ‘மான்’ என்றால் மஞ்சு இனம், ‘தாரென்’ என்றால் பெரியவர், ஐயா. இரண்டும் சேர்ந்த ‘மான் தாரென்’தான் ஆங்கிலத்தில் மாண்டரின் ஆனது என்பது அவர்கள் வாதம். சீன இணையத்தில் இதுதான் எங்கும் கிடக்கிறது.

இரண்டு, மாண்டரின், சைனீஸ், புதோங்ஹுவா (பொதுமொழிக்குச் சீனாவில் இன்றைய பெயர்) மூன்றில் எதை எங்கே எழுதுவது?

மூன்று, செய்தித்தாளில் ‘மாண்டரின்ஸ்’ என்று பன்மையில் வந்தால் ஆரஞ்சுப் பழம் என்று மொழிபெயர்க்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் ஆண்டு, ஆதாரத்தோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

வேர்ச்சொல்:
முதலில் வழி, பிறகு சான்று.

சமஸ்கிருத ‘மந்த்ரின்’ → மலாய் ‘மெந்தெரி’ → போர்த்துகீசிய ‘மந்தரிம்’ → ஆங்கில ‘மாண்டரின்’. ‘மந்த்ர’ என்பதற்கு ஆலோசனை என்றும் பொருள். அரசனுக்கு ஆலோசனை சொல்பவர் மந்த்ரின். நம் மந்திரியும் அதேதான். இந்தச் சொல் கிழக்கே போய் மலாயில் மெந்தெரி ஆயிற்று, தாய்லாந்தில் ‘மொந்த்ரி’ ஆயிற்று. மலேசியாவின் பல மாநிலங்களில் முதல்வரை இன்றும் ‘மெந்தெரி பெசார்’ என்கிறார்கள். அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகள் ‘மந்திரி பெசார்’ என்று எழுதும்போது சொல் ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கே வந்துவிடுகிறது.

போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511இல். சீனாவோடு அவர்களுக்குத் தொடர்பு ஏற்பட்டதே மலாக்கா வழியாகத்தான். சீன அதிகாரிகளைப் பற்றி மலாக்காவில் கேட்டால் அங்குள்ளவர்கள் தங்கள் மொழியில் மெந்தெரி என்றுதானே சொல்வார்கள்? அந்தப் பெயரையே இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். போர்த்துகீசிய மொழியில் ‘மந்தார்’ என்றால் கட்டளையிடு. அந்த ஒலியும் பொருளும் பக்கத்தில் இருந்ததால் மெந்தெரியின் ‘தெ’ ‘த’வாகி, மந்தரிம் என்று நிலைத்தது. ‘மந்தார்’ தான் வேர் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியே அதைப் பிழை என்று மறுத்து, மந்திரி வழியைத்தான் சொல்கிறது.

கடைசி ‘ம்’ எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆசியச் சொல் ‘இ’யில் முடிந்தால் போர்த்துகீசியர் பல இடங்களில் அதை மூக்கொலியாக்கினார்கள். கொச்சி என்ற ஊர் ‘கொச்சிம்’ ஆகி, ஆங்கிலத்தில் கொச்சின் ஆனது. கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி ‘சமோரிம்’ ஆகி, ஆங்கிலத்தில் ஸமோரின் ஆனார். படைவீரரைக் குறிக்கும் லஷ்கரி ‘லஷ்கரிம்’ ஆனது. மந்திரி, மந்தரிம், மாண்டரின் அதே வரிசைதான். இந்த நான்கையும் ஒரே பத்தியாகப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். தனி விளக்கம் தேவைப்படாது.

வேர்ச்சொல்:
‘மான் தாரென்’ பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இதை ஆண்டுக் கணக்கிலேயே முடித்துவிடலாம்.

போர்த்துகல் முதன்முதலாகச் சீனாவுக்கு அனுப்பிய தூதர் தொமே பிரெஸ். அவருடைய குழு காண்டன் (இன்றைய குவாங்சோ) நகரில் சிறைப்பட்டது. சிறையில் இருந்தவர்கள் எழுதிய கடிதங்களிலேயே ‘மந்தரிம்’ வந்துவிட்டது. அவை 1524 வாக்கில் எழுதப்பட்டவை என்பது பெரும்பாலோர் கருத்து. 1534 என்று வைத்துக்கொண்டாலும் வாதம் மாறாது. அப்போது ஆண்டது மிங் வம்சம். ஹொங் தைஜி என்ற அரசர் தன் மக்களுக்கு ‘மஞ்சு’ என்று பெயர் சூட்டியதே 1635இல். அதற்கு முன் அவர்கள் ஜுர்ச்சென். பெய்ஜிங் அவர்கள் கைக்கு வந்தது 1644இல். நூறு ஆண்டுக்குப் பின் பிறந்த இனப்பெயர், நூறு ஆண்டுக்கு முந்தைய கடிதத்தில் எப்படி இருக்கும்?

ஒலியும் ஒத்துவராது. ‘தாரென்’ என்பதன் இரண்டாம் அசையில் வரும் சீன ஒலி நம் ‘ர’ அல்ல. ஐரோப்பியர் காதில் அது ‘ஜ’ போல விழுந்தது. ஏசு சபைப் பாதிரியார் திரிகோ 1626இல் வெளியிட்ட ஒலி அகராதியிலும், 19ஆம் நூற்றாண்டின் வேட் எழுத்துமுறையிலும் அந்த ஒலிக்கு ‘ஜே’ எழுத்துதான். ‘ஆர்’ எழுத்து அந்த இடத்தில் பரவலானது 1958இல் ஏற்கப்பட்ட பின்யின் முறையால். சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் முறை அது. ஆக, இன்றைய பின்யின் எழுத்துக்கூட்டலைப் பார்த்துவிட்டு 500 ஆண்டுக்கு முந்தைய சொல்லுக்கு வேர் தேடியதில் இந்தக் கதை பிறந்திருக்கலாம். சீனாவிலிருந்து நேராகக் கேட்டு எழுதியிருந்தால் ‘மந்தஜின்’ போல ஏதோ ஒன்று வந்திருக்கும்.

இன்னொன்று: அதிகாரியை மரியாதையாக அழைக்கும்போது குடும்பப்பெயரோடு சேர்த்து ‘லீ தாரென்’, ‘வாங் தாரென்’ என்பதுதான் வழக்கம். இனப்பெயரை ஒட்டி விளிப்பது இயல்பான முறை இல்லை. இதை மாணவர்களிடமே கேளுங்கள், ஒப்புக்கொள்வார்கள்.

குறிஞ்சிக்கரை:
அப்படியென்றால் மாண்டரின் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று குறிப்பில் போடலாமே? மலாக்காவில் தமிழ் வணிகர்களுக்கு அவ்வளவு செல்வாக்கு. போர்த்துகீசியர் வந்தவுடன் பெண்டகாரா (மலாய் அரசில் தலைமை அமைச்சர்) பதவியைக் கொடுத்ததே சோழமண்டலக் கரை வணிகருக்குத்தான்.

வேர்ச்சொல்:
போடக்கூடாது, நண்பரே. அந்த வணிகரைப் போர்த்துகீசிய ஏடுகள் ‘நினா சாத்து’ என்கின்றன. அவர் செல்வாக்கு உண்மை. ஆனால் சொல்லின் வழி வேறு. தமிழ் மந்திரி சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. மலாய் மெந்தெரியும் அங்கிருந்துதான் வந்தது. இரண்டும் உடன்பிறப்புகள், ஒன்று மற்றொன்றின் தாய் அல்ல. மலாய்த் தீவுக்கூட்டத்தில் சமஸ்கிருதச் சொற்கள் மலாக்கா நகரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே வேரூன்றியவை.

‘தமிழில் உள்ள மந்திரிக்கு உறவான சொல்’ என்று எழுதினால் சரியாக இருக்கும். சீன மாணவரிடம் ஆதாரம் இல்லாத இனப்பெருமைக் கதையை விடச் சொல்லிவிட்டு, நாம் அதே வகைக் கதை ஒன்றைக் கையில் கொடுப்பது சரியில்லை.

நான்கெழுத்து:
பிறப்பு சரி. அதிகாரியைக் குறித்த சொல் மொழிக்கு எப்படிப் பெயராயிற்று என்ற நடுப்படியை மாணவர்கள் தவறவிடுவார்கள். அங்கேதான் சீனப் பக்கம் வருகிறது.

மிங் காலத்திலும், அடுத்து வந்த மஞ்சுக்களின் சிங் காலத்திலும் ஒரு மாகாணத்தவரைச் சொந்த மாகாணத்திலேயே அதிகாரியாகப் போடமாட்டார்கள். ஃபூஜியன்காரர் சிச்சுவானில் நீதி சொல்ல வேண்டும். ஊர்ப்பேச்சு உதவாது. அதனால் அதிகாரிகளுக்குள் ஒரு பொதுப்பேச்சு இருந்தது. அதன் பெயர் ‘குவான்ஹுவா’. குவான் என்றால் அரசு அதிகாரி, ஹுவா என்றால் பேச்சு. 1583இல் சீனாவுக்குள் வந்த ஏசு சபைப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி, நாடெங்கும் செல்லும் இந்தப் பேச்சைப் பற்றி அதன் சீனப் பெயரோடு எழுதிவைத்திருக்கிறார். அதிகாரிக்கு மந்தரிம் என்ற பெயர் ஏற்கனவே புழக்கத்தில் இருந்ததால் அதிகாரிகளின் பேச்சு மந்தரிம் மொழி ஆயிற்று. அதாவது மொழியின் பெயர் குவான்ஹுவாவின் நேர் மொழிபெயர்ப்பு. இதைச் சொன்னவுடன் சீன மாணவருக்குப் பளிச்சென்று பிடிபடும். சொல் வெளியிலிருந்து வந்தது, ஆனால் பெயர் வைத்த முறை அவர்களுடையது.

பாதிரியார் ஃபிரான்சிஸ்கோ வாரோ ஸ்பானிய மொழியில் எழுதிய மாண்டரின் இலக்கணம் 1703இல் காண்டனில் அச்சாயிற்று. 1728இல் யொங்செங் பேரரசர், குவாங்தொங், ஃபூஜியன் அதிகாரிகள் பேசுவது தமக்குப் புரியவில்லை என்று சொல்லி, அங்கே குவான்ஹுவா கற்பிக்க ஆணையிட்டார்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலக் குவான்ஹுவா இன்றைய பெய்ஜிங் உச்சரிப்பு அல்ல. நெடுங்காலம் நான்ஜிங் பக்கத்து உச்சரிப்புக்குத்தான் மதிப்பு. 1867இல் வந்த தாமஸ் வேடின் சீன மொழிப் பாடநூல் பெய்ஜிங் பேச்சை அடிப்படையாக எடுத்தது. அதற்கு முந்தைய மாரிசனின் சீன-ஆங்கில அகராதி நான்ஜிங் வகையைச் சார்ந்தது. ‘பீக்கிங்’, ‘நான்கிங்’ என்ற பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல்களை மாணவர் கேட்டால் இந்தப் பழைய உச்சரிப்பைத்தான் காட்ட வேண்டும்.

பிறகு பெயர் மாறியது. சிங் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் ‘குவோயூ’, தேசிய மொழி என்ற பெயர் எழுந்தது. குடியரசு அதை எடுத்துக்கொண்டது. மக்கள் சீனம் 1955இல் ‘புதோங்ஹுவா’, பொதுப்பேச்சு என்ற பெயரைத் தேர்ந்தது. 1956 பிப்ரவரி 6ஆம் தேதி அரசவை தந்த வரையறையில் மூன்று கூறுகள்: பெய்ஜிங் ஒலிப்பு, வடக்கு வழக்குகளின் அடித்தளம், நவீனப் பேச்சுநடை இலக்கியத்தின் இலக்கணம். தைவானில் இன்றும் குவோயூ. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘ஹுவாயூ’. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் ஒரே சொல் மாண்டரின். மாணவர் ‘எங்கள் மொழிக்குப் பெயர் புதோங்ஹுவா, மாண்டரின் இல்லை’ என்றால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சீனாவில் குவான்ஹுவா என்பது பழைய பெயர்.

மெய்ப்பாளர்:
பயன்பாட்டுக்கு வருகிறேன். சீன மாணவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளும் அவற்றின் காரணமும் இவை.

முதலாவது, ‘ரைட் மாண்டரின்’. இதுதான் அதிகம். ஆங்கிலத்தில் மாண்டரின் பேச்சுக்குப் பெயர். எழுத்துக்கு ‘சைனீஸ்’. ஆகவே ‘ஸ்பீக் மாண்டரின்’, ‘ரைட் சைனீஸ்’, எழுத்துருக்களுக்கு ‘சைனீஸ் கேரக்டர்ஸ்’. சீன மொழியிலேயே இந்தப் பிரிவு உண்டு என்பதை மாணவருக்கு நினைவூட்டினால் போதும். ‘புதோங்ஹுவா எழுதத் தெரியும்’ என்று சீனத்தில் யாரும் சொல்லமாட்டார்கள், எழுதுவது ‘ஜோங்வென்’. பேசுவதற்கு ஹுவா, எழுதுவதற்கு வென். தாய்மொழியில் சரியாகச் செய்வதை ஆங்கிலத்தில் கைவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, தலைப்பெழுத்து. மொழி என்றால் எப்போதும் பெரிய ‘எம்’. பழம், அதிகாரி, வாத்து என்றால் சின்ன ‘எம்’. சீன எழுத்தில் பெரிது சிறிது இல்லை என்பதால் இதைக் கண் பிடிக்காது; பயிற்சி கொடுத்தே தீர வேண்டும்.

மூன்றாவது, முன்னொட்டும் பன்மையும். மொழிக்கு ‘தி’ வராது, ‘அ’ வராது, பன்மை வராது. ‘தி மாண்டரின் லேங்குவேஜ்’ என்று முழுப்பெயர் போட்டால் மட்டும் ‘தி’ வரும். அதிகாரிக்கும் பழத்துக்கும் ‘அ’ வரும், பன்மையும் வரும். தேர்வில் ‘ஹி ஈஸ் குட் அட் தி மாண்டரின்’ என்று எழுதினால் ஆங்கிலேயருக்கு ஹோட்டல் பெயர் போலத் தோன்றும்.

நான்காவது, ‘மாண்டரின் பீப்பிள்’. அப்படி ஓர் இனம் கிடையாது. ‘மாண்டரின் ஸ்பீக்கர்ஸ்’ என்று எழுத வேண்டும். பெயரடையாக வரும்போது ‘மாண்டரின்-ஸ்பீக்கிங்’, நடுவில் இணைப்புக்கோடு.

ஐந்தாவது, பழைய பொருளை இன்றைக்குப் போடுவது. ‘மை ஃபாதர் ஈஸ் அ மாண்டரின்’ என்று ஒரு மாணவர் எழுதினால், அப்பா அரசு ஊழியர் என்பதுதான் அவர் நினைத்தது. இன்றைய அரசு ஊழியருக்கு ‘சிவில் சர்வன்ட்’ அல்லது ‘அஃபிஷியல்’. சிங் கால அதிகாரியைப் பற்றி எழுதினால் மாண்டரின் பொருந்தும். தேர்வெழுதிப் பதவிக்கு வந்த கற்றவர் வர்க்கத்தைச் சொல்ல, இன்றைய வரலாற்றாசிரியர்கள் ‘ஸ்காலர்-அஃபிஷியல்’ என்ற தொடரையே அதிகம் எடுக்கிறார்கள்.

இனி செய்தித்தாள் பன்மை. பிரிட்டனில் ‘வைட்ஹால் மாண்டரின்ஸ்’ என்றால் அமைச்சகங்களின் உச்சியில் இருக்கும் நிரந்தர அதிகாரிகள். டெல்லிச் செய்திகளில் ‘சவுத் பிளாக் மாண்டரின்ஸ்’ என்றால் வெளியுறவுத் துறைச் செயலர்கள். தேர்தலில் நிற்காமல் அதிகாரம் செலுத்துபவர்கள், எட்ட இருப்பவர்கள் என்ற குறை தொனி அதில் உண்டு. ஒருவரை அழைக்கவோ, நேர்காணலில் மேலதிகாரியைக் குறிப்பிடவோ இதைப் பயன்படுத்தக்கூடாது. கண்டுபிடிக்கும் வழி: சின்ன எம், பன்மை ‘எஸ்’, முன்னால் ஓர் இடம் அல்லது துறையின் பெயர். மூன்றும் சேர்ந்தால் பழம் அல்ல.

குறிஞ்சிக்கரை:
‘மேண்டேட்’, ‘மேண்டேட்டரி’ எல்லாம் இதே குடும்பமா? எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதே.

வேர்ச்சொல்:
இல்லை. அவை லத்தீன் ‘மந்தாரே’, கட்டளையிடு என்பதிலிருந்து வந்தவை. போர்த்துகீசிய மந்தாரும் அந்தக் குடும்பம். மாண்டரினின் வடிவத்தை மந்தார் தொட்டுப் போயிருக்கிறது, அவ்வளவே. அட்டவணையில் ஒரே கட்டத்தில் போட்டுவிடாதீர்கள்.

மொழிப்பெட்டி:
மெய்ப்பாளர் சொன்ன பேச்சு, எழுத்துப் பிரிவு மென்பொருளிலும் வசன வரிகளிலும் பணம் சார்ந்த விஷயம். மாணவர்களில் பலர் அலுவலக வேலையில் இருப்பார்கள் என்பதால் இதைச் சேர்க்கலாம்.

ஒலித்தடத்துக்கு மாண்டரின், கான்டனீஸ் (காண்டன், ஹாங்காங் பக்கத்துப் பேச்சு) என்று பெயர். வசன வரிக்கு எளிமையாக்கிய சீன எழுத்து, மரபுச் சீன எழுத்து என்று பெயர். ‘மாண்டரின் சப்டைட்டில்’ என்று வேலை ஆணையில் எழுதினால் செய்து தருபவருக்கு எந்த எழுத்து என்று தெரியாது. தைவானுக்குப் போக வேண்டியதற்கு எளிய எழுத்தில் வந்து சேரும். திரும்பச் செய்ய வேண்டியதுதான். ஆணையில் மூன்று இருக்க வேண்டும்: எந்த நாட்டுக்கு, எந்த எழுத்து, ஒலி இருந்தால் எந்தப் பேச்சு.

மொழிக் குறியீடுகளும் அப்படியே. இரண்டெழுத்துக் குறியீடு ‘இசட்-எச்’ சீனம் முழுமைக்கும். மூன்றெழுத்தில் ‘சி-எம்-என்’ மாண்டரினுக்கு, ‘ஒய்-யூ-இ’ கான்டனீஸுக்கு. எழுத்தைக் குறிக்க ‘ஹான்ஸ்’ எளிமை, ‘ஹான்ட்’ மரபு. எளிய எழுத்து வேண்டுமென்றால் ‘இசட்-எச்-ஹான்ஸ்’. எழுத்தாவணத்துக்கு ‘சி-எம்-என்’ போடுவது பழக்கமில்லை. குரல் அறிதல் வேலைக்குப் போடுவார்கள்.

நான்கெழுத்து:
மாண்டரினும் புதோங்ஹுவாவும் ஒன்றே என்று குறிப்பில் சமன் குறி போட்டுவிடாதீர்கள். அன்றாட ஆங்கிலத்தில் ஒன்றுதான். மொழியியலில் இல்லை. அங்கே மாண்டரின் ஒரு கிளைக் குடும்பத்தின் பெயர். சீன மொழி நிலப்பட நூல் அதை எட்டுப் பிரிவாக்குகிறது. வடகிழக்கு, பெய்ஜிங், நடுச்சமவெளி, தென்மேற்கு, ஜியாங்ஹுவாய் ஆகியவை அதில் சில. செங்து நகரத்துப் பாட்டி பேசுவது தென்மேற்கு மாண்டரின், புதோங்ஹுவா அல்ல. உங்கள் வகுப்பில் சிச்சுவான்காரர் இருந்தால், ‘நான் வீட்டில் மாண்டரின் பேசுவதில்லை, சிச்சுவான் பேச்சுதான் பேசுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவார். பேச்சுவழக்கில் அவர் சொல்வது சரி. ஆய்வுக் கட்டுரையில் அதே வாக்கியம் முரண்படும். அங்கே ‘ஸ்டாண்டர்ட் மாண்டரின்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

தீவுவாசி:
எந்த ஊரில் எந்தச் சொல் என்பதையும் ஒரு கட்டமாகப் போடலாம். சட்டங்களே வெவ்வேறு சொற்களை எடுக்கின்றன.

சிங்கப்பூர் அரசமைப்பின் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் என்கிறது. ‘சைனீஸ்’ என்று எழுதவில்லை. ஆனால் பள்ளியில் பாடத்தின் பெயர் ‘சைனீஸ் லேங்குவேஜ்’. 1979 செப்டம்பரில் லீ குவான் யூ தொடங்கிய இயக்கம் ஆங்கிலத்தில் ‘ஸ்பீக் மாண்டரின்’, சீனத்தில் ‘ஹுவாயூ பேசுவோம்’. ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ் வீடுகளை ஒரே பேச்சுக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம் என்பதால் அங்கே பேச்சைக் குறிக்கும் சொல்தான் பொருத்தம்.

ஹாங்காங் அடிப்படைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு ‘சைனீஸ்’ என்று மட்டும் சொல்லி, கான்டனீஸா புதோங்ஹுவாவா என்பதைத் தொடவில்லை. அங்குள்ள அரசின் ஆங்கில ஆவணங்களில் மாண்டரினை விடப் ‘புதோங்ஹுவா’தான் வரும். ‘இரண்டு எழுத்து, மூன்று பேச்சு’ என்பது அவர்கள் கொள்கை. எழுத்து சீனம், ஆங்கிலம். பேச்சு கான்டனீஸ், புதோங்ஹுவா, ஆங்கிலம். பேச்சும் எழுத்தும் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளில் பெயர் ‘சைனீஸ்’.

தன்விவரக் குறிப்பில் மாணவர் எழுத வேண்டியது, சிங்கப்பூர் நிறுவனத்துக்கு: ‘மாண்டரின், நேட்டிவ்’. ஹாங்காங் நிறுவனத்துக்கு: ‘புதோங்ஹுவா, நேட்டிவ்’. வெறும் ‘சைனீஸ்’ என்று ஹாங்காங்கில் போட்டால், கான்டனீஸ் தெரியுமா என்று அடுத்த கேள்வி வரும்.

ஒலியன்:
உச்சரிப்பு பற்றி யாரும் எழுதவில்லை. அழுத்தம் முதல் அசையில். நடு அசை தேய்ந்துவிடும், பலர் பேச்சில் மறைந்தே போய் ‘மேண்ட்ரின்’ போலக் கேட்கும். சீன மாணவர் மூன்று அசைக்கும் சம எடை கொடுத்து, கடைசியைத் தூக்கிச் சொல்வார். மான்-தா-ரென் கதை மனதில் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். 

இன்னும் மூன்று இடங்கள். முதல் உயிர், ‘கேட்’, ‘மேன்’ சொற்களில் வரும் விரிந்த ஒலி. சீனத்தில் அப்படியே இல்லை. தாடையை நன்றாக இறக்கச் சொல்லுங்கள். அடுத்து ‘ட்’. பின்யின் ‘டி’ குரலொலி இல்லாதது. அதனால் அவர்கள் சொல்வது ‘மான்ட்டரின்’ என்று வல்லினமாக விழும். மூக்கொலியை விடாமல் இழுத்து, தொண்டை அதிர்வு நிற்காமலேயே அடுத்த ஒலிக்குப் போக வேண்டும். தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னால் நின்ற இடம் தெரியும். தமிழில் ‘வண்டி’ சொல்லும்போது இது தானாக வரும், சொல்லிக்கொடுப்பவருக்குச் சிரமமில்லை. கடைசியாக ‘ர’: நாக்கு நுனி எதையும் உரசக்கூடாது. பின்யின் ‘ஆர்’ போட்டால் நடுவில் ஓர் இரைச்சல் கேட்கும்.

எழுத்துக்கூட்டலில் கடைசியில் ‘இ’ எழுத்துச் சேர்ப்பதும், நடு ‘ஏ’ எழுத்தை விடுவதும்தான் பிழைகள். இரண்டாவது பிழைக்குக் காரணம் அந்தத் தேய்ந்த அசைதான்.

தோட்டக்காரி:
பழம் பற்றி. சீனத்தில் ‘செங்’ வேறு, ‘ஜு’ வேறு, ‘கான்’ வேறு. கையால் தோல் உரிக்க முடியாமல் கத்தி கேட்கும் பெரிய பழம் செங். அதுதான் ஆங்கில ‘ஆரஞ்ச்’. தளர்ந்த தோலும், தானே பிரியும் சுளையும் உள்ள ஜு, ஆங்கிலத்தில் மாண்டரின். கான் அதற்கு நெருங்கிய உறவு, பல கலப்புகள் அதில் அடங்கும்; அதற்கும் மாண்டரின் என்றே எழுதலாம். மாணவர்கள் ‘ஜுட்ஸ’வுக்கு ஆரஞ்ச் என்று எழுதிப் பழகியிருப்பார்கள். கடையில் ஆரஞ்ச் கேட்டால் வேறு பழம் வரும். தாவரப் பெயர் சிட்ரஸ் ரெட்டிகுலாட்டா. டேஞ்சரின், சட்சுமா, கிளமன்டைன் எல்லாம் மாண்டரினின் வகைகளாகவே கடைகளில் விற்கும். டேஞ்சரின் என்ற பெயர் மொரோக்கோவின் தாஞ்சியர் துறைமுகத்திலிருந்து வந்தது. பழத்துக்கு மாண்டரின் என்று பெயர் வந்தது அதிகாரிகளின் உடை நிறத்தால் என்று நிறைய இடத்தில் எழுதியிருக்கும். அது ஊகம்; குறிப்பில் உண்மை என்று போட வேண்டாம்.

சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டுக்கு இரண்டிரண்டாகக் கொடுப்பது இந்தப் பழத்தைத்தான். கான்டனீஸில் இதன் பெயர் ‘கம்’, தங்கமும் ‘கம்’, தொனி உட்பட ஒரே ஒலி. ‘அ பேர் ஆஃப் மாண்டரின் ஆரஞ்சஸ்’ என்று முழுத்தொடராகவே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். வெறும் மாண்டரின்ஸ் என்றாலும் சரிதான், ஆனால் முழுப்பெயரில் குழப்பம் இல்லை.

பாடக்குறிப்பு:
எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒன்று. உணவக வேலையில் இருக்கும் மாணவர்கள் ‘மாண்டரின் ஃபிஷ்’, ‘மாண்டரின் டக்’ என்று உணவுப் பட்டியலில் எழுதுகிறார்கள். இவை சரியா? 45 நிமிட வகுப்பில் இதையெல்லாம் எந்த வரிசையில் நடத்துவது?

தோட்டக்காரி:
மீன் சரி. சீனத்தில் ‘குய்யூ’ என்ற நன்னீர் மீனுக்கு ஆங்கிலத்தில் மாண்டரின் ஃபிஷ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சூசோவின் அணில் வடிவ இனிப்புப் புளிப்பு வறுவல் அந்த மீனில்தான் செய்வது. இரண்டு சொல்லாகப் பிரித்து எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் பவளப்பாறையில் வாழும் வண்ண அலங்கார மீனைக் குறிக்கும். அது தட்டுக்கு வராது.

வாத்து ஆபத்து. மாண்டரின் டக் என்பது ‘யுவென்யாங்’, தம்பதிக்கு அடையாளமாகச் சொல்லும் காட்டுப் பறவை. உணவுப் பட்டியலில் அந்தச் சொல் சீனத்தில் பறவைக்காக வருவதில்லை. இரண்டு பொருள் ஜோடியாக இருக்கிறது என்பதைக் குறிக்க வருகிறது. யுவென்யாங் ஹாட்பாட் என்றால் காரம் ஒரு பாதி, காரமில்லாதது ஒரு பாதி. அதை ‘டூ-ஃபிளேவர் ஹாட்பாட்’ என்று எழுத வேண்டும். ஹாங்காங்கின் யுவென்யாங் பானம் காப்பியும் தேநீரும் கலந்தது. மாண்டரின் டக் காஃபி என்று எழுதினால் வாங்க வந்தவர் வாத்துக்கறி என்று நினைப்பார். ‘காஃபி வித் டீ’ என்று எழுதி, பக்கத்தில் சீன ஒலியைப் போட்டால் போதும்.

மெய்ப்பாளர்:
வரிசை: பயன்பாட்டை முதலில் நடத்துங்கள், பிறப்பைப் பிறகு. பிறப்பில் தொடங்கினால் மஞ்சு வாதத்திலேயே அரை மணி போய்விடும்.

முதல் 10 நிமிடம், பேச்சு, எழுத்துப் பிரிவு. பலகையில் இரண்டு பத்தி: ‘ஸ்பீக், ஹியர், அண்டர்ஸ்டாண்ட்’ ஒரு பக்கம், ‘ரைட், ரீட், டைப்’ மறுபக்கம். மாணவரே மாண்டரின், சைனீஸ் இரண்டையும் பொருத்தட்டும். முதல் பக்கத்தில் சைனீஸும் செல்லும் என்பதைச் சொல்லிவிடுங்கள். இரண்டாம் பக்கத்தில் மாண்டரின் செல்லாது.

அடுத்த 10 நிமிடம், பெரிய எம், சின்ன எம். ஆறு வாக்கியங்களை எம் எழுத்தை மட்டும் காலியாக விட்டுக் கொடுங்கள். இரண்டு மொழி, இரண்டு பழம், ஒன்று சிங் கால அதிகாரி, ஒன்று வைட்ஹால். விடையோடு காரணமும் ஒரு சொல்லில் எழுத வேண்டும். வாக்கியத்தின் முதல் சொல்லாக மாண்டரினைப் போடாதீர்கள், அங்கே எப்படியும் பெரிய எம் வரும், சோதனை வீணாகும்.

5 நிமிடம் உச்சரிப்பு. ஒலியன் சொன்ன தொண்டை விரல் பயிற்சி போதும்.

15 நிமிடம் பிறப்பு. 1511, 1524, 1635, 1644 என்ற நான்கு ஆண்டுகளை மட்டும் பலகையில் எழுதி, எந்தக் கதை பொருந்தும் என்று அவர்களையே சொல்லவிடுங்கள். குவான்ஹுவா என்ற சொல்லைக் கடைசியாகக் காட்டுங்கள்.

மீதி 5 நிமிடம் அவரவர் தன்விவரக் குறிப்பில் மொழி வரியைத் திருத்தி எழுதட்டும். உணவகக்காரர்கள் அந்த நேரத்தில் பட்டியலின் இரண்டு வரியைத் திருத்தலாம்.

நான்கெழுத்து:
நான்கு ஆண்டுகளோடு 1956ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதோங்ஹுவா எப்போது வந்தது என்று எப்படியும் கேட்பார்கள்.